தூக்கிப் பார்த்து வாங்கிய தோட்டா இயந்திரம்

என் அண்ணனுக்கு எந்தப் பொருளையும் கண்ணால் பார்த்து வாங்கத் தெரியாது. கையில் ஏந்தி, ஒருமுறை மேலும் கீழும் அசைத்து, கனம் பார்த்துத்தான் வாங்குவார். காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வியாபாரம் செய்த வீடு எங்களுடையது. தறிக்காரர் புடவையை மடித்துக் கொண்டுவந்து வைத்தால், அண்ணன் அதைப் பிரிப்பதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். கனமாக இருந்தால் ஜரிகை தாராளம், முகூர்த்தப் புடவை என்று அர்த்தம். லேசாக இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். புடவைக்கு அது சரி. கைக்கடிகாரத்துக்கும், கத்தரிக்காய்க்கும், கணக்குப்பிள்ளைக்கும், கடைசியில் சம்பந்திக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொண்டு அவர் ஊருக்குள் நடமாடியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தன் மகளுக்கு அவர் தேடிப் பிடித்த மாப்பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆள் நல்ல கனம்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நான் புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஏன் விட்டேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. காகிதத்தைச் செலவழிக்கும் அளவுக்கு அந்த மனிதரிடம் ஒன்றுமில்லை. அம்மா சாகும்போது, திருமுக்கூடலுக்கு இக்கரையில் பாலாற்றங்கரை ஓரமாக இருந்த மணற்பாங்கான நிலத்தை என் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள். பேர் மட்டும்தான் என்னுடையது. அதை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, எப்போது விடுவது என்பதெல்லாம் அண்ணன்.

அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. நன்றிகெட்டவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், "இது தங்கச்சி, நம்மகிட்டதான் இருக்குது" என்று பரிதாபமாக ஒரு பெருமூச்சோடு என்னை அறிமுகம் செய்துவைப்பார். வந்தவர்களும் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்து, எவ்வளவு பெரிய மனசு என்று தலையாட்டுவார்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு தலையாட்டல் வீதம் அவர் சம்பாதித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். என் நிலத்தில் நானே பயிர் வைத்து, பக்கத்தில் ஐயம்பேட்டையில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு, என் கதவை நானே சாத்திக்கொள்ள வேண்டும். அதற்குமேல் ஒன்றும் நான் கேட்கவில்லை.

கேட்டபோது அண்ணன் சிரித்தார். அண்ணியும், மெட்ராஸில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்த அண்ணியின் தம்பியும் பக்கத்தில் இருந்தார்கள். சாட்சிக்கு ஆள் இருந்தால் அண்ணனுக்குத் தாராள மனசு பொங்கிவிடும்.

"ஒரே ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டும்மா. மல்லாக்கொட்டை மூட்டையா ஊடு வந்து சேந்துச்சுன்னா நிலம் உன் கையில. ஐயம்பேட்டையிலயே ஊடு பாத்துக்கினு இரு, நான் ஏன்னு கேக்க மாட்டேன். வரலன்னா குத்தகைக்கு உட்டுட்டு இங்கயே இரு. அப்புறம் இந்தப் பேச்சே வரக் கூடாது."

"சரிண்ணா" என்றேன்.

அந்த வருஷம் மழை தள்ளிப்போய், புரட்டாசியில்தான் வேர்க்கடலை விதைக்க முடிந்தது. தையில் பிடுங்க வேண்டிய பயிர். நிலத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்த ஒரு கூலிக்காரப் பெண்மணி எனக்குத் துணை. சர்ச்சுக்குப் போகிற குடும்பம். என்னைவிட வயதில் மூத்தவள். வாயில் பொய் வராது, மரியாதையும் அளவோடுதான் வரும். நான் வாரத்தில் பாதி நாள் பஸ்ஸில் போய் அவளோடு களை எடுத்து, மண் அணைத்து, கொட்டகையில் கஞ்சி குடித்துவிட்டு வருவேன். செடி பூத்தபோது அண்ணனே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார். அவர் வாயால் நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான்.

ஐப்பசியில் பன்றி வந்தது. எதிரே இருந்த மலைப்புதரிலிருந்து ஆற்று நாணல் வழியாக இறங்கி, வரப்பு ஓரத்தைக் கிளறிவிட்டுப் போயிருந்தது. காய் இன்னும் பிஞ்சு. ருசி பார்க்கத்தான் வந்திருக்கும் என்றாள் அந்தப் பெண்மணி.

"யம்மா, காய் முத்தறப்ப கூட்டமா வந்துடும். தகரத்த தட்டினா ரெண்டு நாளிக்குப் பயப்படும், அப்புறம் தாளம்னு நெனச்சிக்கும். உங்க அண்ணாண்ட துப்பாக்கி இருக்குதே, சும்மா நாலு வெடி போடச் சொல்லேன்."

துப்பாக்கி இருந்தது. அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கிய லைசென்ஸ், அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பேருக்கு மாறியது. பயிரைப் பாதுகாக்க அது ஒருநாளும் வெடித்ததில்லை. பாகிஸ்தான் சண்டைக்குப் பிறகு கடைகளில் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட சமயத்தில், கையிருப்பில் இருந்த தோட்டாக்கள் முழுவதையும் தன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது வானத்தைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்திருந்தார். வானம் எங்கள் பயிரைத் தின்ன வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. சுட்ட காலித் தோட்டாக்களை மட்டும் துடைத்து, கண்ணாடி அலமாரியில் பொம்மைபோல வரிசையாக நிறுத்திவைத்திருந்தார்.

அண்ணியின் தம்பிதான் அந்த யோசனையைச் சொன்னது. காலித் தோட்டாவை வீட்டிலேயே திரும்ப நிரப்பிக்கொள்ளக் கையால் இயக்குகிற கருவிகள் உண்டாம். கையில் எடுத்துப்போகிற மாதிரியே செய்கிறார்களாம். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தானாம். ஆபீசில் யாரிடமோ வாங்கிவந்த இங்கிலீஷ் கேட்லாக் ஒன்றை விரித்துப் படம் காட்டினார். இங்கிலீஷில் எழுதியிருந்தால் எருமைச் சாணியையும் நெற்றியில் இட்டுக்கொள்ளும் மனிதர் அவர். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பயிர் பிழைக்க ஒரு வழி பிறந்துவிட்டது என்று நினைத்தேன்.

மெட்ராஸில் ஒரு பழைய சாமான் கடைக்கு மூன்று பேரும் போனோம். என் வெள்ளாமைக்காக என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்ததால் என்னையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது ஒரு தகரப் பெட்டி. பாக்குவெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கியது போன்ற ஒரு கருவி, இடிக்க ஒரு மரக்குச்சி, அளந்து போட ஒரு சின்னக் கிண்ணம், கைப்பிடி வைத்த ஒரு திருகு. பெட்டிக்குள் அவ்வளவுதான் இருந்தது. அண்ணன் கொண்டுவந்திருந்த காலித் தோட்டா ஒன்றைக் கடைக்காரர் வாங்கி, கருவியின் வாயில் கொடுத்து அழுத்தினார். அடியிலிருந்த, பொறி கிளப்பும் பழைய கேப் கழன்று விழுந்தது. வேறொன்றை வைத்து அழுத்தினார், அது கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. வெடிமருந்துக்கும் ஈய ரவைக்கும் பதிலாக, சும்மா காட்டுவதற்காக, ஒரு டப்பாவிலிருந்த கேழ்வரகைப் போட்டு, மேலே தக்கை வைத்து, திருகைச் சுற்றினார். தோட்டாவின் அட்டை வாய் உள்பக்கமாக மடிந்து மூடிக்கொண்டது. வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"வயல்ல உக்காந்துகினே செய்யலாமா?" என்று நான் கேட்டேன்.

"செய்யலாம்மா. மேஜை வாணாம், ஒண்ணும் வாணாம். மடியில வச்சிக்கினா போதும்."

எனக்கு அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது. அண்ணன் பெட்டியை வாங்கி உள்ளங்கையில் ஏந்தி, மேலும் கீழும் அசைத்தார். உதடு பிதுங்கியது.

"இன்னாபா இது, பொரி உருண்டை மாதிரி இருக்குது? இத்த வச்சிக்கினு பன்னியா சுடறது? அணில்கூட சாவாது."

"அண்ணா, இதால பன்னிய அடிக்கப் போறதில்ல. தோட்டாவ நிரப்பத்தான். அடிக்கிறது துப்பாக்கி" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. கனம்தான் தரம்."

பட்டில் கனம் ஏற்றுவதற்கு என்னென்ன தில்லுமுல்லு உண்டு என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர். கஞ்சி ஏற்றிய புடவையைக் கண்டால் ஊரைக் கூட்டிவிடுவார். அப்படிப்பட்டவர்தான் பழைய இரும்புக் கடையில் நின்றுகொண்டு கனம்தான் தரம் என்று வேதம் ஓதினார்.

கடைக்காரர் எங்கள் அண்ணனை ஒரே பார்வையில் எடைபோட்டுவிட்டார். பெட்டியை மூடிவைத்துவிட்டு, கடையின் பின்பக்கம் போய், சாக்கு போர்த்தி மூலையில் கிடந்த ஒன்றை ஆள் வைத்து இழுத்து வரச் சொன்னார். பச்சை வர்ணம் அடித்த வார்ப்பிரும்பு இயந்திரம். மேலே நெம்புகோல், பக்கத்தில் சக்கரம், அடியில் தட்டையான பாதம். கரும்பு பிழிகிற இயந்திரத்துக்கும் அதற்கும் ஏதோ சொந்தம் இருக்க வேண்டும். அது எத்தனை வருஷமாக விற்காமல் கிடந்ததோ, உள்ளே சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் எழும்பியது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அவர் பிள்ளைகள் பிறந்தபோதும் பார்த்ததில்லை.

"இதுதான்பா சாமான்!"

அண்ணியின் தம்பி குனிந்து, இயந்திரத்தில் பதித்திருந்த பித்தளைத் தகட்டைத் துடைத்துப் படித்தார். "போர்ட்டபிள்னு போட்டிருக்குது மாமா. எங்க வேணாலும் எடுத்துக்கினு போலாம்னு அர்த்தம்."

"யாரு எடுத்துக்கினு போறது?" என்றேன்.

கடைக்காரர் மட்டும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, சாக்கை உதறி மடித்தார். போர்த்த அது இனிமேல் தேவைப்படாது அல்லவா.

பஸ்ஸின் கூரைமேல் அதை ஏற்றக் கூலியாட்கள் பட்ட பாட்டையும், கண்டக்டர் அவர்களை வைததையும் விவரித்தால் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, மேலே அது ஆடி ஆடி இடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அண்ணனோ ஒவ்வொரு இடி விழும்போதும் பக்கத்தில் இருந்தவர்களிடம், "நம்ம சாமான்தான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடு வந்ததிலிருந்து தினமும் கொலுதான். மருந்தும் கேப்பும் ரவையும் லைசென்ஸைக் காட்டி முறைப்படி வாங்கியாயிற்று. அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இயந்திரம் கூடத்தின் நடுவில். அதைப் பார்க்க வியாபாரிகள், உறவுக்காரர்கள், எதிர்வீடு, பின்வீடு என்று வராத ஆள் இல்லை. ஒவ்வொருவரும் வருவார்கள், காப்பி குடிப்பார்கள், எழுந்து போய் இயந்திரத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். "அடேயப்பா, நல்ல கனம்" என்பார்கள். அண்ணன் கண்ணை மூடித் திறப்பார். இதில் எப்படித் தோட்டா செய்வது என்று வந்தவர்களில் ஒருவராவது கேட்கவில்லை. தூக்கிப் பார்த்தே பரம்பரை பரம்பரையாகப் பிழைத்த கூட்டம். தூக்க முடியாத ஒன்றைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

அதை வைத்து அழுத்தச் சாதாரண மேஜை தாங்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. நெம்புகோலை இழுத்தால் மேஜையும் சேர்ந்து எழுந்து வந்தது. தறி மரம் செய்கிற ஆசாரியை வரவழைத்தார்கள். பழைய தறியின் உத்தரங்களை எடுத்து ஒரு மேஜை செய்யலாம் என்றார் அவர். இழைத்தார், துளைத்தார், கல்யாண வேலை வந்தது என்று போனார், திரும்பி வந்தார். மேஜைக்குப் பூ வேலைப்பாடு வேண்டும் என்று அண்ணன் சொன்னார். ஆனை வாங்கினவருக்கு அம்பாரி இல்லாமல் ஆகுமா?

இதற்குள் கார்த்திகையில் காய் முற்ற ஆரம்பித்தது. பன்றிகள் குட்டிகளோடு வந்தன. நானும் அந்தப் பெண்மணியும் மாற்றி மாற்றித் தகரம் தட்டினோம். நெருப்புப் போட்டோம். பழைய புடவைகளைக் கொம்பில் கட்டினோம். நான் பஸ்ஸில் வந்து இறங்கும்போதெல்லாம் அவள் கிளறிப்போட்ட பகுதிக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டுவாள். நாணல் பக்கம் போனது, அப்புறம் வரப்பைத் தாண்டி உள்ளே வந்தது, அப்புறம் பாதியைத் தொட்டது.

"மிஷின் வந்துடுச்சாமே யம்மா?"

"வந்துடுச்சு."

"பன்னிங்களுக்குச் சேதி சொல்லி உட்டீங்களா?"

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கூலியும் அந்தக் கடலையில்தான் இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் ஒருவழியாக ஆசாரி மேஜையை முடித்தார். அன்று மாலையே ஒரு தோட்டாவாவது செய்து பார்த்துவிடலாம் என்று நான் அண்ணனைக் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுதவே இப்போது நாக்கு கசக்கிறது. அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னிக்கி நாள் சரியில்ல. நாளைக்கு மார்கழி பொறந்துடுது. மார்கழியில புதுசா எதயும் தொடங்கக் கூடாதும்மா. அதும் மிஷினு, மருந்து சமாசாரம். தை பொறக்கட்டும், பூஜை போட்டு ஆரம்பிச்சுடலாம்."

"அண்ணா, பன்னிங்க மார்கழி பாக்கறதில்ல."

"அதுக்காக நாமளும் பன்னியா?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணியின் தம்பி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் அந்தத் தகரப் பெட்டியை மறுபடி நினைவுபடுத்தினேன். நாளைக்கே போய் அதையாவது வாங்கிக் கொடுங்கள், மேஜைமேல் இதுவும் இருக்கட்டும் என்றேன். வீட்டில் இத்தனை பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு அந்தப் பொரி உருண்டையை வாங்கினால் ஊர் சிரிக்கும் என்றார். ஊர் சிரிப்பதைப் பற்றி அவருக்கு அவ்வளவு பயம். அது ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

நிலத்துக்குப் பக்கத்து ஊரில் லைசென்ஸ் வைத்திருந்த விவசாயி ஒருவர், விஷயம் கேள்விப்பட்டுத் தாமே வந்து காவல் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதுதான் மரியாதை என்று நினைத்து, காஞ்சிபுரத்துக்கே வந்து கேட்டுவிட்டார். நல்ல மனிதர்கள் கெட்டுப்போவது இந்த மரியாதையால்தான்.

"நம்ம ஊட்ல துப்பாக்கி இருக்கறப்ப உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? தை பொறந்ததும் நானே வரேன்" என்று சொல்லி, அவரையும் இயந்திரத்தைத் தூக்கிப் பார்க்கவைத்து, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார் அண்ணன். அந்த விவசாயி வாசலில் செருப்பை மாட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்கழி முழுவதும் அண்ணன் விடிகாலையில் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, பட்டுக் கழிவுத் துணியால் இயந்திரத்தைத் துடைப்பார். கோயில் பிரசாதத்தை அதன் முன்னால் வைத்த பிறகுதான் எங்களுக்குக் கொடுப்பார். புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, துடைக்கலாம் போலிருக்கிறது. கெஞ்சுவதை நான் நிறுத்தினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தெளிவு வந்தது. இந்த மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்கவாவது ஒரு குறி வேண்டும், ஒரு திட்டம் வேண்டும். இவருக்கு என் நிலத்தின்மேல் ஆசைகூடக் கிடையாது. வெறும் பந்தா. இப்படி ஒரு ஆளுடைய 'சரி'க்காகத்தான் நான் அத்தனை வருஷம் அவர் வாசலில் நின்றிருந்தேன். பன்றிகளை எனக்கு அவ்வளவு கேவலமாக நினைக்க முடியவில்லை. வேண்டியதைத் தேடி வந்தன, உழைத்துத் தின்றன, யாரையும் காப்பி குடிக்கக் கூப்பிடவில்லை.

தை பிறந்தது. பொங்கல் வைத்து, மாட்டுக்கும் வைத்து, காணும் பொங்கலன்று அண்ணன் புறப்பட்டார். ஒரு வேன் வாடகைக்குப் பிடித்து, இயந்திரம், மேஜை, துப்பாக்கி, அண்ணி, அண்ணியின் தம்பி, பார்வையாளர்களாக இரண்டு பட்டு வியாபாரிகள், கட்டுச்சாதம் என்று எல்லாவற்றையும் ஏற்றினார். நான் ஜன்னலோரம் இருந்த ஓர் இடத்தில் ஒண்டிக்கொண்டேன்.

நிலத்தில் இறங்கியபோது அந்தப் பெண்மணி கொட்டகை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். எங்களைக் கூட்டிப்போய்க் காட்ட அவள் முன்வரவில்லை. காட்ட ஒன்றுமில்லை. வரப்பிலிருந்து வரப்புவரை மண் புரண்டு கிடந்தது. வாடிய கொடிகள் வேர் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தன. கொட்டகையை ஒட்டிய ஒரு சிறு பாத்தி மட்டும், அவள் அங்கே நாய் கட்டியிருந்ததால், தப்பியிருந்தது. அதை அவள் முன்தினமே பிடுங்கி உலர்த்தியிருந்தாள்.

அண்ணன் பார்த்தார். "த்சு த்சு" என்றார். பிறகு மேஜையை எங்கே போடுவது என்று நிழல் தேட ஆரம்பித்தார்.

வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, இயந்திரத்தை ஆட்கள் தூக்கி வைத்தார்கள். சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம் என்று பூஜை நடந்தது. அண்ணியின் தம்பி இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துப் படித்துச் சொல்ல, அண்ணன் நெம்புகோலை இழுத்தார். முதல் தோட்டாவின் அட்டை நசுங்கியது. அடுத்தது சந்தனம் ஒட்டிக்கொண்டு உள்ளேயே சிக்கியது. குச்சியால் குத்தி எடுத்தார்கள். கட்டுச்சாதம் பிரித்துச் சாப்பிட்டார்கள். மறுபடி இழுத்தார்கள். வெயில் சாய்கிற சமயத்தில் ஒரு தோட்டா ஒழுங்காக வெளியே வந்தது. வியாபாரிகள் அதைக் கைக்குக் கை வாங்கி, வேறென்ன, கனம் பார்த்தார்கள்.

அண்ணன் துப்பாக்கியில் அதைப் போட்டு, ஆள் இல்லாத மலைப்பக்கம் திரும்பி, சுட்டார். வெடித்தது. நன்றாகத்தான் வெடித்தது, அதை மறைக்க மாட்டேன். காக்கைகள் எழும்பின. வியாபாரிகள் கைதட்டினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அதற்குக் கைதட்டல் கிடைப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"பாத்தியாம்மா? இனிமே ஒரு பன்னி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது."

"பாக்காதுண்ணா. ஒண்ணுமில்லாத எடத்துக்கு வர அதுங்க ஒண்ணும் நம்ம ஜனங்க இல்ல."

அவருக்கு அது காதில் ஏறவில்லை. முகத்தைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டார். வியாபாரிகள் கேட்கிற தூரத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"சரி, பேச்சுன்னா பேச்சுதான். வெள்ளாமை ஊடு வந்து சேரல. அதுக்காக நான் உன்ன ஒண்ணும் சொல்லல. நிலத்துக்குக் குத்தகை ஆள் பேசிட்டேன். வண்டியில ஏறு, இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கையில் ஒன்றுமில்லை, கொட்டகையில் ஒரு பாயும் பானையும்தான். ஆனால் அந்த வேனில் ஏறி, அந்தக் கூடத்துக்குத் திரும்பி, நாளைக்கு வருகிறவர்களுக்குத் தங்கச்சியாக நிற்பதை நினைத்தபோது வந்த அருவருப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"நான் வரலண்ணா."

"இன்னாது?"

"பத்திரம் என் பேர்ல இருக்குது. உங்ககிட்ட நான் கேட்டிருக்கவே வாணாம். பன்னிங்க நல்லா ஆழமா உழுதுட்டுப் போயிருக்குதுங்க, கூலிகூட கேக்கல. தை பட்டத்துக்கு வெதைக்கிறதுதான் பாக்கி. வெதைக்கு அந்தப் பாத்திக் கொட்டை இருக்குது, வர்ற மட்டும் போடறேன். குத்தகைக்காரர வரவாணாம்னு சொல்லிடுங்க."

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அண்ணியின் தம்பி காகிதத்தை மடித்தார். அந்தப் பெண்மணி கொட்டகைக்குள் போய் அடுப்பில் சுள்ளியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. அண்ணன் என்னை அதட்டுவார் என்று காத்திருந்தேன். வியாபாரிகள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் அதட்டவில்லை. சாட்சிக்கு ஆள் இருந்ததால் தாராள மனசோடு தலையை ஆட்டிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டு இயந்திரத்தை ஏற்றச் சொன்னார்.

மேஜை கால் நீட்டிக்கொண்டு பின்பக்கத்தை அடைத்துவிட்டதால் இயந்திரத்துக்கு அங்கே இடமில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜன்னலோரம் நான் உட்கார்ந்து வந்த இடத்தில் அதைத் தூக்கி வைத்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அது சாய்ந்துவிடாமல் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "பாத்துப் போபா, பள்ளம் மேடு வரும்" என்று டிரைவரிடம் சொன்னார்.